மரப்பாலம் நிற்கிறது, பெயர்கள் எங்கே?

(சயாம் மரண ரயில் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று உங்களிடம் ஒரு மரப்பாலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அது நம் நாட்டில் இல்லை. தாய்லாந்தில், காஞ்சனபுரி மாநிலத்தில், குவாய் நொய் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாலம் தாங்கி நிற்கும் ரயில் பாதைக்கும் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பல குடும்பங்களுக்கும் ரத்த உறவு உண்டு. "எங்க தாத்தா சயாமுக்குப் போனவரு, திரும்பி வரல" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், நான் பேசுவது உங்கள் வீட்டுக் கதை.

பாலத்தின் வரலாற்றை முதலில் சொல்கிறேன். பிறகு அதைச் சுற்றியுள்ள இடங்களின் வரலாற்றைச் சொல்கிறேன். கடைசியில் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லி முடிக்கிறேன்.

பாலம் எங்கே இருக்கிறது?

பாடாங் பெசாரிலிருந்து பாங்காக்கை நோக்கிப் போகும் ரயில், பாங்காக்கை அடைவதற்குச் சற்று முன்பு பான் போங் என்ற ஊரையும் நோங் பிளாடுக் என்ற சந்திப்பையும் கடக்கும். பெரும்பாலான பயணிகளுக்கு அவை வெறும் இரண்டு நிலையங்கள். 1943-ல் நம் ஆட்களை ஏற்றிப் போன சரக்கு வண்டிகள் பான் போங்கில்தான் கதவைத் திறந்தன. மரண ரயில் பாதை பிரிவது நோங் பிளாடுக்கில்தான். அங்கிருந்து பர்மாவில் உள்ள தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். அதில் சுமார் 304 கிலோமீட்டர் தாய்லாந்தில், 111 கிலோமீட்டர் பர்மாவில்.

இன்று அதில் நாம் தோக் என்ற ஊர் வரை, சுமார் 130 கிலோமீட்டர் தூரத்திற்கு மட்டுமே ரயில் ஓடுகிறது. காஞ்சனபுரி நகரத்தைக் கடந்து போனால், வாங் போ அருகே ஓரிடத்தில் மலையும் ஆறும் ஒட்டி நிற்கின்றன. ஒரு பக்கம் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. மறுபக்கம் பள்ளத்தில் ஆறு. பாதை போட நிலமே இல்லை. அந்தப் பாறையை ஒட்டி, ஆற்றோரத்தில் மரக்கால்களை நட்டு, அவற்றின் மேல் தண்டவாளத்தைப் போட்டிருக்கிறார்கள். ஆற்றைக் குறுக்கே கடக்காமல் ஆற்றோடு கூடவே வளைந்து போகும் பாலம் அது. பக்கத்திலேயே தாம் கிராசே என்ற குகை. குகைக்குள் புத்தர் சிலை. பாலத்தின் மேல் வரும்போது ரயில் ஆமை வேகத்தில் ஊர்கிறது. சுற்றுப்பயணிகள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் படம் எடுக்கிறார்கள்.

பழுதான கட்டைகளை அவ்வப்போது மாற்றியிருக்கிறார்கள். அடியில் சிமெண்டுத் தளமும் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் போர்க்காலத்தில் எழுந்த அதே இடத்தில், அதே அமைப்பில், மரக்கால்களின் மேல் இன்றும் ரயிலைத் தாங்கி நிற்கிறது.

எப்படி எழுந்தது?

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மலாயா முழுவதும் ஜப்பானியர் கையில். பர்மாவும் அதே ஆண்டில் விழுந்தது. பர்மாவில் உள்ள தம் படைக்கு ஆயுதமும் அரிசியும் அனுப்ப ஜப்பானியர் மலாக்கா நீரிணை வழியாகக் கடலைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. கடலில் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. ஆகவே தரை வழியாக ஒரு பாதை தேவைப்பட்டது. மலையும் மலேரியாவும் நிறைந்த அந்தக் காட்டுக்குள் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942-ன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள்.

இயந்திரங்கள் மிகக் குறைவு. மண்வெட்டி, கூடை, கடப்பாரை, சுத்தியல், யானை, மனிதன் ஆகியவைதான் முக்கியக் கருவிகள். பாதை முழுவதும் 600-க்கும் மேற்பட்ட பாலங்கள். மிகப் பெரும்பாலானவை மரப்பாலங்கள். காட்டில் மரத்தை வெட்டி, இழுத்து வந்து, கயிற்றில் கட்டிய பாரத்தை ஆட்கள் சேர்ந்து இழுத்து மேலே தூக்கி, கீழே விட்டு, அந்த அடியில் கால்களை மண்ணுக்குள் இறக்கினார்கள். பாலம் என்று சொல்லும்போது அந்தக் கயிற்றை இழுத்த கைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங் போ பாலத்தை 1943 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கட்டினார்கள். சுமார் 2,000 போர்க்கைதிகளை அந்த இடத்தில் வேலைக்கு விட்டார்கள். 17 நாட்களில் முடித்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "இந்தப் பாலத்தைத் தமிழன் கட்டினான்" என்று நம் மேடைகளில் சிலர் சொல்வதுண்டு. வாங் போ பாலத்தைக் கட்டியவர்கள் முக்கியமாக வெள்ளைக்காரப் போர்க்கைதிகள். மலாயாத் தமிழர்கள் பெருந்திரளாகப் போய்ச் சேரத் தொடங்கியது 1943 ஏப்ரலுக்குப் பிறகு. அவர்கள் அந்த இடத்தைத் தாண்டி, ஆற்றின் மேல்பக்கம், இன்னும் அடர்ந்த காட்டுக்குள் நடந்து போனவர்கள். அங்கே பாலம் கட்டினார்கள், பாறை உடைத்தார்கள், மண் சுமந்தார்கள், மாண்டு போனார்கள். அவர்கள் கட்டிய மரப்பாலங்களில் பல இன்று இல்லை. காடு தின்றுவிட்டது. கொஞ்சத்தைத் தண்ணீர் தின்றுவிட்டது. 1984-ல் காவ் லேம் அணை கட்டி முடிந்தபோது, கொன்கொய்தா உட்பட மேல்பகுதிப் பாதையின் ஒரு பகுதி நீர்த்தேக்கத்திற்கு அடியில் போனது. 1943 அக்டோபரில் இரண்டு முனையிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் கைகோத்த இடமே அந்தக் கொன்கொய்தாதான்.

உண்மையைச் சரியாகச் சொல்வதால் நம் உரிமை குறைந்துவிடாது. நாம் ஒரு சிறு தவறைச் சொன்னால், அதைக் காட்டியே நம் முழுக் கோரிக்கையையும் தட்டிக் கழிப்பார்கள். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

உலகம் அறிந்த மரப்பாலம்

மரண ரயில் என்றால் உலகத்திற்கு நினைவு வருவது வேறொரு மரப்பாலம். 1957-ல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படத்தில் வரும் பாலம். பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நாவலை வைத்து எடுத்த படம். பாலத்தைத் தாய்லாந்தில் கட்டவில்லை. இலங்கையில் கித்துல்கல என்ற ஊரில் படத்திற்காகவே கட்டி, படத்திற்காகவே வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

நிஜத்தில், காஞ்சனபுரிக்குப் பக்கத்தில் தாமர்கான் என்ற இடத்தில் இரண்டு பாலங்கள் இருந்தன. 1943 பிப்ரவரியில் ஒரு மரப்பாலம் முடிந்தது. அதே ஆண்டில் அதன் அருகே இரும்புப் பாலம் எழுந்தது. அதன் இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து வந்தவை. 1945-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டன. இரும்புப் பாலத்தைப் போருக்குப் பிறகு செப்பனிட்டார்கள். அதுதான் இன்று சுற்றுப்பயணிகள் நடக்கும் பாலம். மரப்பாலம் போய்விட்டது. இன்னொரு வேடிக்கை, அந்த இடத்தில் ஓடிய ஆற்றின் பெயர் மே குளோங். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் ஆறு எங்கே என்று கேட்கக் கேட்க, பின்னாளில் அந்தப் பகுதிக்கே குவாய் யாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு சினிமா ஓர் ஆற்றின் பெயரையே மாற்றியிருக்கிறது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வருபவனுக்கு, இந்தப் பாதையில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் ஆசியத் தொழிலாளர்கள் என்பது தெரியாது. போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ 1,80,000-க்கும் மேல் என்பது ஆய்வாளர்கள் பலர் ஒப்புக்கொள்ளும் கணக்கு. பர்மியர், மலாயாத் தமிழர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர் எல்லோரும் அதில் அடக்கம். செத்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

தண்டவாளமும் போனது, ஆளும் போனார்கள்

அந்தப் பாதைக்கு மலாயாவிலிருந்து என்னவெல்லாம் போனது தெரியுமா? முதலில் தண்டவாளம். கிழக்குக் கரை ரயில் பாதையின் பெரும் பகுதியைப் பெயர்த்தெடுத்தார்கள். தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குப் போன பாதையையும் பெயர்த்தார்கள். அந்த மலாக்காப் பாதையைப் பிறகு யாரும் திரும்பப் போடவேயில்லை. மலாயாவின் ரயில் பாதைகளைப் போட்ட உழைப்பில் தமிழ் உழைப்பு எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் தலைமுறை போட்ட தண்டவாளத்தைப் பெயர்த்துக் கொண்டுபோய், அடுத்த தலைமுறையைக் கொண்டே சயாமில் போட வைத்தார்கள்.

பிறகு ஆட்கள். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டங்களின் நிலை பெரியவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். ரப்பரை வாங்க ஆள் இல்லை. பர்மா அரிசியும் சயாம் அரிசியும் வருவது நின்றது. லயத்தில் மரவள்ளிக் கிழங்குதான் சோறு. அந்தப் பசியின் நடுவில்தான் அறிவிப்பு வந்தது. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம், முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவோம்.

சிலர் நம்பிப் போனார்கள். போனவர்களிடமிருந்து கடிதம் இல்லை, காசு இல்லை, ஆள் திரும்பவும் இல்லை. அதன் பிறகு யாரும் தாமாக முன்வரவில்லை. ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆள் தர வேண்டும் என்று கணக்கு வந்தது. கிராணியும் தண்டலும் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். சாலையில் போனவனை லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கொட்டகைக் கதவைப் பூட்டிப் பிடித்துப் போனதை எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். சிலர் குடும்பத்தோடு போனார்கள். கைப்பிள்ளையோடு போன தாய்மாரும் உண்டு. இதிலிருந்து தப்புவதற்காகவே இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

மூடிய சரக்கு வண்டியில் நான்கைந்து நாள். உட்கார இடம் இல்லை, கழிப்பிடம் இல்லை. பான் போங்கில் இறக்கினார்கள். அங்கிருந்து நடை. மழைக்காலம். முழங்கால் அளவு சேற்றில் நூறு கிலோமீட்டருக்கும் மேல், சிலர் அதைவிடப் பல மடங்கு தூரம் நடந்தார்கள். நான் முன்பு சொன்ன அந்த மரப்பாலம் நிற்கும் மலைச் சரிவு வழியாகத்தான் காட்டுக்குள் போனார்கள்.

நம்மவர் ஏன் அதிகம் செத்தார்கள்?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும். ஒரே காடு, ஒரே மழை, ஒரே கிருமி, ஒரே காவலாளி. போர்க்கைதிகளில் ஐந்தில் ஒருவர் செத்தார். தொழிலாளர்களில் பாதி பேர் வரை செத்த முகாம்களும் உண்டு, அதற்கு மேல் போன முகாம்களும் உண்டு. தமிழன் உடம்பு பலவீனமானதா? இல்லை.

போர்க்கைதிகள் ஒரு படையாகப் போனவர்கள். அவர்களுக்கு அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, கழிப்பிடத்தைத் தள்ளித் தோண்டு என்று கட்டளை இட ஆள் இருந்தது. அவர்களுக்காக ஜப்பானியரிடம் வாதாட ஆள் இருந்தது. நம்மவர்கள் தனித்தனி ஆளாகப் போனவர்கள். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் துரையையும் கங்காணியையும் எதிர்பார்க்கும்படி பழக்கப்பட்டவர்கள். அங்கே துரையும் இல்லை, டிரெசரும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை.

1943 மே, ஜூன் மாதங்களில் காலரா வந்தது. முகாம் முகாமாக அழித்தது. ஓடையில் குடித்தார்கள், அதே ஓடையின் மேல்பக்கம் பிணம் கிடந்தது. காலில் சிராய்ப்பு ஒன்று பட்டால் அது புண்ணாகி எலும்பு வரை அழுகியது. நோய் பாதையையே நிறுத்திவிடும் என்று பயந்த பிறகுதான், சாங்கியில் இருந்த போர்க்கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் 'கே படை', 'எல் படை' என்ற பெயரில் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். இரண்டும் சேர்ந்து சில நூறு பேர். பத்தாயிரக்கணக்கான நோயாளிகளுக்கு அது எந்த மூலைக்குப் போதும்? அந்த மருத்துவர்கள் விட்டுச் சென்ற சாட்சியங்கள் இன்று நமக்குக் கிடைக்கும் முக்கியமான ஆவணங்களில் அடங்கும்.

சங்கமாக இருந்தவன் பிழைத்தான், தனியாக இருந்தவன் செத்தான். இந்தப் பாடத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

பாதை முடிந்தது, வேலை முடியவில்லை

1943 அக்டோபரில் பாதை முடிந்தது. மூன்று மாதம் என்று சொல்லிக் கூட்டிப் போனவர்களை அப்போதாவது அனுப்பினார்களா? பெரும்பாலோரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ரயில் எஞ்சினுக்கு விறகு வெட்டவும், மழையில் சரிந்த மண்ணை அள்ளவும், குண்டு விழுந்த மரப்பாலங்களை மறுபடி தூக்கி நிறுத்தவும் ஆள் தேவைப்பட்டது. விமானம் குண்டு போடும், இவர்கள் கட்டுவார்கள், மறுபடி குண்டு விழும், மறுபடி கட்டுவார்கள். 1945 ஆகஸ்டு வரை இதுதான்.

அந்தப் பாதையில் நம் வரலாற்றின் இன்னொரு பக்கமும் ஓடியது. நேதாஜியின் ராணி ஜான்சி படையைச் சேர்ந்த பெண்கள் பர்மாவுக்குப் போனது இந்தப் பாதை வழியாகத்தான். அவர்களில் பலர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பெண்கள். ஒரு தோட்டத்துப் பெண் துப்பாக்கியோடு ரயிலில் போகிறாள். அதே தோட்டத்து ஆண் அந்த ரயிலுக்கு விறகு வெட்டிக் கொண்டிருக்கலாம். இரண்டு பேருமே நம் பிள்ளைகள். முதல் கதையைப் பெருமையாகப் பேசும் நாம் இரண்டாவதை ஏன் மெல்லப் பேசுகிறோம்?

போர் முடிந்து திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். கையில் வைத்திருந்த கொஞ்சச் சம்பளமும் வாழைமர நோட்டு. ஜப்பானியர் அச்சடித்த அந்தப் பணம் செல்லாது என்று பிரிட்டிஷ் நிர்வாகம் அறிவித்துவிட்டது. இரண்டு வருட உழைப்பின் கூலி ஒரே நாளில் வெறும் காகிதம். திரும்பாதவர்களின் மனைவிமார் புருஷன் இருக்கிறானா செத்தானா என்று தெரியாமலேயே தாலியோடு வாழ்ந்தார்கள். சிலர் பிள்ளைகளுக்காக மறுமணம் செய்துகொண்டார்கள். லயத்தில் அநாதைப் பிள்ளைகள் நிறைந்தன.

மலாயாவின் மக்கள் தொகைக் கணக்கைப் பாருங்கள். 1931-ல் சிங்கப்பூரையும் சேர்த்து இந்தியர்கள் 6 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். 1947-ல் 6 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இடையில் ஊர் திரும்பியவர்களும் உண்டு என்பதால் குறைந்தது எல்லாம் சயாமில் போனவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பதினாறு ஆண்டுகளில் பெருக வேண்டிய ஒரு சமூகம் தேய்ந்திருக்கிறது. அதற்கு மரண ரயிலும் ஒரு பெரிய காரணம்.

கல்லறையும் பட்டியலும்

இப்போது காஞ்சனபுரி நகரத்திற்கு வாருங்கள். ரயில் நிலையத்திற்கு அருகிலேயே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். வெட்டிய புல், வரிசை வரிசையாகப் பெயர்ப்பலகை, ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, தேதி, வயது. பார்த்தால் நெஞ்சு கனக்கும். அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள். அவர்களுக்குச் செய்த மரியாதையை நாம் குறை சொல்லவில்லை.

அந்த மரியாதை எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள். கைதிகள் முகாமில் யார் எப்போது செத்தார், எங்கே புதைத்தார்கள் என்று திருட்டுத்தனமாகக் குறித்து, டின்னில் போட்டு மண்ணில் புதைத்து வைத்தார்கள். போர் முடிந்த அடுத்த மாதமே, 1945 செப்டம்பரில், ஒரு தேடும் குழு பாதை நெடுகப் போனது. 144 இடுகாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. பட்டியல் இருந்தது, அதனால் கல்லறை வந்தது. கல்லறை வந்தது, அதனால் நினைவு நாள் வந்தது. நினைவு நாள் வந்தது, அதனால் அரசாங்கம் வந்தது. ஹெல்ஃபயர் பாஸ் என்ற பாறைக் கணவாயில் ஆஸ்திரேலிய அரசாங்கம் 1998-ல் நினைவு அருங்காட்சியகம் திறந்தது.

நம்மவருக்கு? அந்தத் தேடும் குழுவின் பொறுப்பில் தொழிலாளர்களின் பிணக்குழி இல்லை. 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் வெளிவந்தன. நகரத்தில் 1977-ல் தொடங்கிய அருங்காட்சியகம் ஒன்றின் பெயர் ஜீத். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய பெயர்களின் முதல் எழுத்தை எடுத்து வைத்த பெயர். அதில் மலாயாவுக்கு எழுத்து இல்லை. பர்மாவுக்கும் இல்லை.

கல்லில் தமிழ் எழுத்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தாமர்கானில் 1944-ல் ஜப்பானிய ராணுவமே ஒரு நினைவுத் தூண் எழுப்பியது. அதில் பல மொழிகளில் பலகைகள் உண்டு, தமிழிலும் உண்டு. நம்மைக் கொன்றவர்கள் நமக்குத் தமிழில் அஞ்சலி எழுதினார்கள். நம்மை ஆண்டவர்கள் எழுதவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, போர்க் கல்லறைத் தோட்டத்திற்குப் பக்கத்திலேயே இருக்கும் வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்த விகாரையில் ஆயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்தார்கள். அதே விகாரையில் 2023-ல் மலேசியாவின் மரண ரயில்வே ஆர்வலர் குழுவினரின் முயற்சியால் ஒரு நடுகல் எழுந்தது. போரில் மாண்ட வீரனுக்குக் கல் நடுவது நம் பழைய மரபு. எண்பது வருடம் கழித்து அந்தக் கல் வந்தது. அதற்காக உழைத்தவர்களை வணங்குகிறேன். ஆனால் அந்தக் கல்லுக்கு அடியில் இருப்பவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

இழப்பீடு யாருக்குப் போனது?

1951-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் ஆனது. அப்போது மலாயா சுதந்திர நாடு இல்லை, பிரிட்டன்தான் கையெழுத்திட்டது. அதன் 16-வது விதி போர்க்கைதிகளுக்குக் கொஞ்சம் பணம் கிடைக்க வழி செய்தது. தொழிலாளர்களைப் பற்றி அந்த விதியில் பேச்சில்லை. 1967 செப்டம்பரில் ஜப்பான் மலேசியாவோடு தனி ஒப்பந்தம் செய்தது. ரத்தக்கடன் என்று அன்று பேசப்பட்ட விவகாரம் அதோடு முடிந்தது என்றார்கள். தொகை 2 கோடியே 50 லட்சம் மலேசிய வெள்ளி. அதையும் பணமாகத் தரவில்லை, சரக்குக் கப்பல்களாகத் தந்தார்கள். சயாமில் புருஷனைப் பறிகொடுத்த தோட்டத்துக் கிழவிக்குச் சரக்குக் கப்பலில் என்ன பங்கு?

2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம், ஜப்பானியரிடம் கைதியாக இருந்த தன் மக்களுக்கு ஆளுக்கு 10,000 பவுன் கொடுக்க முடிவு செய்தது. அவர்களும் பெயர் சொல்லித்தான் விண்ணப்பித்தார்கள். மறுபடியும் பட்டியல்தான்.

நம் மேடைகளில் சயாமில் செத்த தமிழர் ஒரு லட்சம் என்கிறார் ஒருவர், ஒன்றரை லட்சம் என்கிறார் இன்னொருவர். ஜப்பானியக் கணக்கை ஒட்டி எழுதுபவர்கள் மலாயாவிலிருந்து போனவர்களே 75,000-க்குச் சற்று மேல்தான் என்கிறார்கள். யார் சொல்வது சரி என்று சத்தம் போட்டு முடிவு செய்ய முடியாது. பெயரை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

நாம் செய்ய வேண்டியது

தோட்டத்தில் நம்மை எண்ணாமல் விட்டதே இல்லை. தினம் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நிற்க வைத்து, செக்ரோலில் பெயரைக் குறித்தார்கள். பால் வெட்டும் கையாக இருந்தவரை நாம் கணக்கில் இருந்தோம். செத்தபோது மட்டும் கணக்கில் இல்லாமல் போனோம். அந்தக் கணக்கை இப்போது நாமே எழுத வேண்டும்.

1943-ல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியவர். அப்பா லாரியில் ஏறியதைக் கண்ணால் பார்த்த கடைசித் தலைமுறை அது. இன்னும் பத்து வருடம் கழித்துக் கேட்கலாம் என்று தள்ளிப் போட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது. ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று. உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் பெயரை எழுதுங்கள். அவர் தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், மாநிலம், போன வருடம், கூடப் போனவர்கள், திரும்பினாரா இல்லையா, யார் சொல்லித் தெரியும். ஒரு தாள் போதும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். யூகத்தை எழுதாதீர்கள்.

இரண்டு. தோட்டத்துப் பெரியவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். இடையில் குறுக்கிடாதீர்கள், திருத்தாதீர்கள். தேதியையும் இடத்தையும் சொல்லிப் பதியுங்கள்.

மூன்று. உங்கள் பழைய தோட்டத்தின் கோயில் கணக்கு, பள்ளிப் பதிவு, ஏதாவது அலுவலகத்தில் தப்பிய செக்ரோல் கண்ணில் பட்டால் தூக்கி எறிய விடாதீர்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகும்போது முதலில் குப்பைக்குப் போவது காகிதம்தான்.

நான்கு. அரசாங்கத்திடம் நாம் ஒரே குரலில் கேட்போம். மரண ரயிலில் மாண்ட மலாயாத் தொழிலாளர்களுக்கு இந்த மண்ணிலேயே ஒரு தேசிய நினைவுச்சின்னம் வேண்டும். அவர்கள் பெயர்களைத் திரட்டித் தேசிய ஆவணக் காப்பகத்தில் வைக்க வேண்டும். ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆவணங்களில் தேட ஆய்வாளர்களை அனுப்ப வேண்டும். பள்ளிப் பாடத்தில் அவர்கள் வரலாறு இடம்பெற வேண்டும். உங்கள் பிள்ளையின் வரலாற்றுப் புத்தகத்தை இன்று இரவு திறந்து, இதற்கு எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சயாமில் செத்தவர்களில் மலாய்க்காரரும் சீனரும் உண்டு என்பதால் இது தமிழருக்கு மட்டுமான சலுகைக் கோரிக்கை இல்லை. இது இந்த நாட்டு வரலாறு.

நம் எழுத்தாளர்கள் இந்தப் பணியை முன்பே தொடங்கிவிட்டார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-ல் வந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005-ல் வந்தது. வாங்கிப் படியுங்கள், பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். நாவல் துயரத்தைச் சொல்லும். பட்டியல் உரிமையைக் கேட்கும். இரண்டும் நமக்கு வேண்டும்.

முடிந்தால் ஒருமுறை காஞ்சனபுரிக்குப் போய் வாருங்கள். இரும்புப் பாலத்தோடு திரும்பிவிடாதீர்கள். நாம் தோக் போகும் ரயிலில் ஏறி, தாம் கிராசேயில் இறங்குங்கள். மரக்கால்களைத் தொட்டுப் பாருங்கள். அவற்றை நட்ட கைதிகளுக்கும், அந்த வழியாக மேலே போய்த் திரும்பாத நம்மவர்களுக்கும் ஒரு நிமிடம் நின்று அஞ்சலி செலுத்துங்கள். திரும்பும் வழியில் வாட் தாவோர்ன் வராராம் நடுகல்லில் ஒரு விளக்கு ஏற்றுங்கள். போகும்போது கையில் ஒரு பெயரோடு போங்கள்.

மண்டபத்தின் வாசலில் தாள்களும் பேனாக்களும் வைத்திருக்கிறோம். தேநீர் குடித்துவிட்டுப் போகும் முன், தெரிந்த ஒரு பெயரையாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.